திறந்த அரசுத் தரவுகளுக்கு ஒரு சமூகப் பட்டியல்: கட்டுவதும் காப்பதும்

அரசுத் துறைகள் வெளியிடும் தரவுகளைத் தேடிப்பிடித்து, ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் பெயரும் லிங்க்குமாகச் சேர்ப்பதில்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான். அந்தத் தாள் மளமளவென்று வளரும், அதே வேகத்தில் பாழாகும். லிங்க் செத்துப்போன பிறகு அங்கே என்ன இருந்தது, யார் வெளியிட்டது, எந்த ஆண்டுக்குரியது என்பதற்கு எந்தத் தடயமும் மிஞ்சாது. சேர்ப்பது சின்ன வேலை. சேர்த்ததை ஓயாமல் சரிபார்ப்பதுதான் பட்டியல் நடத்துவது. அமைப்பைப் பற்றிய முடிவுகள் எல்லாமே அதிலிருந்துதான் வந்தன.

முதல் சண்டை, எதை ஒரு தரவுத்தொகுப்பு என்று கணக்கிடுவது என்பதில் வரும். மாதாமாதம் வரும் மழையளவுக் கோப்புகள் ஒரு பதிவா, பன்னிரண்டு பதிவா? ஆளுக்கொரு வழக்கத்தில் பதிந்துவிட்டால் பிறகு ஒட்டவைக்க முடியாது. எங்கள் விதி இது: நெடுவரிசைகளும் அலகும் வரையறையும் மாறாமல் காலமோ இடமோ மட்டும் மாறினால் ஒரே தொகுப்பு. வரையறை மாறினால் புதுத் தொகுப்பு, பழையதற்கு ஒரு இணைப்பு. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரவுப் பட்டியல்களுக்காக வெளியிட்ட டிகேட் தரம் 2014-லேயே தொகுப்பையும் அதன் கோப்பு வடிவங்களையும் இரண்டு அடுக்காகப் பிரித்துவிட்டது. அதன்படி ஒரே தரவின் எக்செல் வடிவமும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) வடிவமும் ஒரு தொகுப்பின் கீழ் வரும். ஆண்டுவாரிக் கோப்புகளையும் அதே அடுக்கில் திணிப்பது பரவலான வழக்கமானாலும் தரத்தின் கருத்து அதுவல்ல. 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கென்றே ‘தொகுப்பு வரிசை’ என்ற வகை சேர்ந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அடையாள எண். தலைப்பையோ லிங்க்கையோ அடையாளமாக வைக்கவே கூடாது. துறைகள் பெயர் மாறும், இரண்டு ஒன்றாகும், தளம் புதுப்பிக்கப்பட்டு முகவரிகள் மொத்தமாக மாறும். பொருளற்ற ஒரு குறுகிய எண்ணைக் கொடுத்து, அதை எந்நாளும் வேறொன்றுக்குக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. தரவு மறைந்துபோனாலும் பதிவை அழிக்காமல் ‘வெளியீட்டாளர் நீக்கிவிட்டார்’ என்று நிலையை மாற்றி வைக்கிறோம். துறைகளுக்குத் தனி அட்டவணை உண்டு. எந்தப் பெயர் எந்தத் தேதிவரை இருந்தது, இப்போது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது அதில் வரும்.

ஒவ்வொரு பதிவிலும் நிரப்பியே ஆக வேண்டிய கட்டாயப் புலங்களை ஐந்தாறோடு நிறுத்துங்கள். இருபது கேட்டால் பதிபவர் கடைசிப் பத்தில் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் போவார். வெற்றிடத்தைவிட அது மோசம். ஆனால் தேதியில் கஞ்சத்தனம் ஆகாது. தரவு எந்தக் காலத்தைப் பற்றியது, எப்போது வெளியானது, நாம் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று மூன்று தேதிகள் தனித்தனியாக வேண்டும், மூன்றும் ஆண்டு-மாதம்-நாள் வரிசையில். ஒரே ‘தேதி’ புலம் வைத்திருக்கும் பட்டியலில் 2019-க்கான கணக்கெடுப்பு 2023-க்கானது போலத் தெரியும். தலைப்பு வகைகளையும் கைபோன போக்கில் தட்டவிடக் கூடாது. ‘கல்வி’, ‘பள்ளிக்கல்வி’, ‘பள்ளிகள்’ என்று மூன்று வந்து தேடல் மூன்றாக உடையும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுத் தளங்கள் முன்கூட்டியே வகுத்த 13 கருப்பொருள்களை வைத்துச் சமாளிக்கின்றன.

உரிமப் புலத்தில்தான் பெரும்பாலோர் வழுக்குவார்கள். இலவசமாகத் தரவிறக்க முடிகிறது என்பதாலேயே அது திறந்த தரவு, அதாவது யாரும் எதற்கும் பயன்படுத்தக்கூடிய தரவு, ஆகிவிடாது. பக்கத்தில் உரிமம் எதுவும் சொல்லப்படவில்லை என்றால் ‘குறிப்பிடப்படவில்லை’ என்றே பதிய வேண்டும். நல்ல எண்ணத்தில் ‘பொது உரிமைப் பரப்பு’ (பப்ளிக் டொமைன்) என்று ஊகித்து எழுதினால், அதை நம்பிப் பயன்படுத்தியவர் மாட்டிக்கொள்வார். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் திறந்த தரவு வரையறைக்குள் வராது. உரிமத்தின் பெயரோடு விதிமுறைப் பக்கத்தின் முகவரியையும் பார்த்த தேதியையும் எழுதி, அந்தப் பக்கத்தை, வலைப்பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் ஒரு பிரதி எடுத்துவைக்கிறோம், ஏனென்றால் விதிமுறைகள் சத்தமில்லாமல் மாறும். நம் பட்டியலின் விவரங்களுக்கும் உரிமம் வேண்டும். அதற்கு, எல்லா உரிமையையும் விட்டுக்கொடுக்கும் சிசி-0 போதும்.

ஏற்கெனவே தரவுத் தளங்களுக்கான சிகேன் மென்பொருளில் ஓடும் அரசுத் தளம் இருந்தால், கையால் பதியாமல் அதன் ஏபிஐ-யிலிருந்து (நிரல்கள் நேராகத் தரவு கேட்கும் வாயில்) இழுக்கலாம். இங்கே இரண்டு குழிகள். எத்தனை பதிவு வேண்டும் என்று சொல்லாவிட்டால் 10 மட்டுமே வரும். இயல்பான அமைப்பில் ஒரு கேள்விக்கு 1000-க்கு மேல் தராது, 5000 கேட்டாலும் பிழை காட்டாமல் 1000-ஐ மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆகவே மொத்த எண்ணிக்கையை வாங்கிக்கொண்டு, தொடக்க எண்ணை நகர்த்தி நகர்த்திக் கேட்க வேண்டும். இரண்டாவது குழி வரிசைப்படுத்தல். அண்மையில் மாறியது முதலில் என்ற வரிசையிலேயே இழுத்தால், நடுவில் யாரோ ஒரு பதிவைத் திருத்தியதும் மற்றவை ஓரிடம் தள்ளிப்போகும். பக்க எல்லையில் ஒன்று இரண்டு முறை வரும், சில சமயம் ஒன்று விட்டுப்போகும். பெயர் வரிசையில் கேட்டால் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட ஒழியும்.

இனி லிங்க் சரிபார்ப்பு. இதற்குத்தான் அதிக உழைப்பு போகும். சர்வரின் பதில் குறி எச்டிடிபி 200 (கிடைத்தது) வந்தால் சரி, 404 (இல்லை) வந்தால் தவறு என்று எழுதிய ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஒரு வாரம்கூடத் தாங்காது. பல தளங்கள் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற பக்கத்தையே 200 என்ற குறியோடு அனுப்பும். எனவே கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்க்கிறோம். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் அதன் பெயரும் முதலில் வரும். புதுவகை எக்செல் உண்மையில் ஒரு ஜிப் கோப்பு என்பதால் ‘பிகே’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். சிஎஸ்வி என்று சொல்லிவிட்டு எச்டிஎம்எல் குறிச்சொல்லில் தொடங்கினால் அது பிழைப் பக்கம்தான். கோப்பை வாங்காமல் அதன் தலைப்பு விவரத்தை (வகை, அளவு போன்றவை) மட்டும் கேட்கும் கோரிக்கையைச் சில சர்வர்கள் 403, 405 என்று மறுக்கும். அப்போது சாதாரணக் கோரிக்கையே அனுப்பி, முதல் கிலோபைட் வந்ததும் துண்டித்துவிடலாம். பிரவுசரில் திறக்கும் தளம் ஸ்கிரிப்ட்டில் பாதுகாப்புச் சான்றிதழ்ப் பிழை காட்டினால், பெரும்பாலும் சர்வர் தன் சான்றிதழை நம்பகமான மூலத்தோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை அனுப்பாததே காரணம். பிரவுசர் அதைத் தானே தேடி நிரப்பிக்கொள்ளும், ஸ்கிரிப்ட் நிரப்பாது. அதற்காகச் சான்றிதழ்ச் சரிபார்ப்பையே அணைத்துவிடாமல், விடுபட்ட சான்றிதழை நம் பக்கத்தில் சேர்ப்பதே முறை. ஒரு தளத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே கோரிக்கை, நடுவே சில விநாடி இடைவெளி. தொடர்ந்து மூன்று நாள் தோற்றால்தான் ‘உடைந்தது’ என்று குறிக்கிறோம். இரவுப் பராமரிப்புக்கெல்லாம் பயந்தால் முடியாது.

சில தரவிறக்க முகவரிகள் படிவத்தை நிரப்பிய பிறகு உருவாகிச் சற்று நேரத்தில் காலாவதியாகும். அவற்றுக்குப் படிவம் உள்ள பக்கத்தின் முகவரியைத்தான் பதிய வேண்டும். இன்னும் சில தளங்கள் ஒரே முகவரியில் ஆண்டுதோறும் புதுக் கோப்பைப் போட்டுப் பழையதை அழித்துவிடும். இதைப் பிடிக்க, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எஸ்எச்ஏ-256 கைரேகை எடுத்து முந்தையதோடு ஒப்பிடலாம். எக்செல்லில் மட்டும் ஏமாற்றம் வரும். ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கித் தரும் சர்வரில், உள்ளே இருக்கும் நேரமுத்திரை மாறுவதால் ஓர் எண்கூட மாறாத கோப்புக்கும் கைரேகை மாறும். கோப்பைப் பிரித்துக் கட்டங்களின் மதிப்பை வைத்துக் கைரேகை எடுத்தால் சரியாகும்.

தமிழ்ப் பதிவுகளில் தனித் தலைவலி உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடலுக்கு வேறு. உள்ளே வரும் எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ‘ஸ்ரீ’ மட்டும் தீராது. அதை ஸகரத்தாலும் ஶகரத்தாலும் எழுதுகிறார்கள், என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது, தனி விதி எழுத வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், எழுத்துருவைக் கண்டுபிடித்து யூனிகோடு மாற்றியில் போட வேண்டும். பட்டியலின் சிஎஸ்வி-யை யாராவது நேராக எக்செல்லில் திறந்து சேமித்தால் 007 என்ற குறியீடு 7 ஆகும், ‘3-4’ என்பது தேதியாகும், கோப்பு யூனிகோடு என்று எக்செல்லுக்குச் சொல்லும் யூடிஎஃப்-8 தொடக்கக் குறி இல்லாவிட்டால் தமிழே சிதையும். ஆகவே தொகுப்பாளர்களுக்குப் படிவம் மட்டும். கோப்பைத் தொடுவது ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் வழியாகத்தான், அதுவும் பதிந்தவர் அல்லாத இன்னொருவர் பார்த்த பிறகு.

அரசுத் திட்டப் பயனாளிகளின் பெயர், கைபேசி எண்ணோடு வெளியான பட்டியல்களும் வலையில் சிக்கும். அரசே போட்டிருக்கிறது என்பது சாக்கல்ல. அதற்கு லிங்க் கொடுக்காமல், பிரதி எடுக்காமல், வெளியிட்ட துறைக்கு எழுதுகிறோம்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு தன்னார்வலர் பொறுப்பு, அவர் விலகினால் அந்தத் துறையின் பக்கத்தில் ‘ஆள் தேவை’ என்று தானாக வரும். சரிபார்ப்பு ஸ்கிரிப்ட்டை, கிட் களஞ்சியங்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் நேர அட்டவணையில் ஓடவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் கிட்ஹப் அந்த வேலையைத் தானே நிறுத்திவிடும். பட்டியல் பார்வைக்கு நலமாகவே இருக்கும், எல்லா லிங்க்கும் பச்சையிலேயே நிற்கும். அதனால் கடைசிச் சரிபார்ப்பு நடந்த தேதியை முகப்பில் பெரிய எழுத்தில் போட்டு, ஒரு வாரம் தாண்டினால் பச்சைகள் எல்லாம் சாம்பல் நிறமாக மாறும்படி எழுதியிருக்கிறோம்.