உயர்தரப் பரீட்சையும் ஆடிப்போன விசுவாசமும்

கம்பஸுக்குப் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற தம்பி தங்கைச்சிமார் சிலர் என்னிடம் கேட்பது பாடத்தைப் பற்றியல்ல. "அக்கா, செபிக்க முழந்தாளில் நின்றால் ஒன்றுமே வருதில்லை. எனக்கு விசுவாசம் போயிட்டுதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

நான் வர்த்தகப் பிரிவில் 2019 ஆகஸ்டில் எழுதினேன். வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில். அந்த வருடம் ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு பூசை நேரத்தில்தான் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு கோயிலில் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை ஒப்புக்கொடுத்த பூசையை வீட்டில் டிவியில் பார்த்தோம். மே 6ஆம் திகதி பள்ளிக்கூடம் தொடங்கியபோது, புத்தகப் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். வகுப்பில் நிறைய வாங்குகள் காலி. கணக்கீட்டுப் பாடத்தில் பரீட்சை மீதியின் (trial balance) இரண்டு பக்கமும் சமப்படாவிட்டால்கூட அழுகை வரும்.

ஜூனில் கோயில் மறுபடி திறந்த பிறகு போனோம். கதவுப் பக்கத்து வாங்கில் இருந்தோம். பூசை முடியும்வரை அம்மாவின் கண் மற்றவர்களின் தோள்பைகளிலேயே. பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அன்று அங்கே இருந்த அத்தனை பேரும் பயந்துகொண்டுதான் இருந்தார்கள்.

'கடவுள் ஏன் விட்டார்?' என்ற கேள்வி எனக்கும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 'எல்லாம் அவர் திட்டம்' என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களிடம் அதைக் கொண்டுபோகாதீர்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரிந்த ஒரு பாதரையோ சிஸ்டரையோ தேடுங்கள். கடவுளிடமே நேராகக் கேட்கவும் செய்யலாம். திருப்பாடல் 13 தொடங்குவதே, இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்ற முறைப்பாட்டோடு. 88ஆம் பாடல் கடைசி வரியிலும் இருட்டை விட்டு வெளியே வருவதில்லை. அதையும் வேதாகமத்தில்தான் வைத்திருக்கிறார்கள். சொந்தச் சொல் வராத நாட்களில் இந்த இரண்டையும் வாசித்தேன். அதற்கும் மனம் ஒப்பாவிட்டால் பஸ்ஸில் போகும்போது செபமாலையில் ஒரு பத்து மணி.

இன்னொன்று, நித்திரை. வேதாகமத்தில் இறைவாக்கினர் எலியா சூரைச் செடியின் கீழ் படுத்து, சாகவேண்டும் என்று கேட்டபோது, வானதூதர் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தார். விடிய இரண்டு மணிக்குப் பாஸ்ட் பேப்பரோடு இருக்கும்போது வரும் சந்தேகத்தை அந்த நேரத்திலேயே தீர்க்கப் பார்க்காதீர்கள். சாப்பிட்டுப் படுத்தெழும்பின பிறகும் அது நின்றால் அப்போது யோசிக்கலாம்.

பெறுபேறு வரும் நாள்தான் பெரிய சோதனை. 'மூன்று ஏ வந்தால் மடுக் கோயிலுக்கு வருகிறேன் மாதாவே' என்று நேர்த்தி வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. வையுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கம்பஸ் கிடைப்பது எப்படி என்று கொஞ்சம் பாருங்கள். ஆள் எடுப்பது இசட் புள்ளியை வைத்து. அது, நீங்கள் எழுதிய பாடத்தை மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதோடு ஒப்பிட்டு வருவது. பெரும்பாலான பாடநெறிகளில் இருக்கிற இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளி பொதுவாக உயரத்தில்தான் நிற்கும். கொழும்பில் தவறவிட்ட அதே புள்ளியோடு வேறு மாவட்டத்துப் பிள்ளை உள்ளே போகலாம். இது கணக்கு. இதை வைத்துக் கடவுள் உங்களைத் தள்ளிவிட்டார் என்று முடிவெடுத்தால் அந்த முடிவு பிழை. மூன்று தரம் எழுதலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மாற்கு நற்செய்தி 9இல், பிள்ளையைச் சுகமாக்கச் சொல்லி இயேசுவிடம் கொண்டுவந்த அந்தத் தகப்பன், நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார். அவரை இயேசு திருப்பி அனுப்பவில்லை. பரீட்சை மண்டபத்துக்குள் போகும்போது நான் சொன்ன செபம் அதுதான்.

நாட்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை, உயிரோடு இருக்கவே மனமில்லை என்றால் செபத்தோடு மட்டும் நிற்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.