இருபது ரூபாய்த் தாள்

இன்று காலை மட்டக்களப்புக் கல்லடியில் மீன் விற்கும் அக்கா மீதிக்காசாகத் தந்த இருபது ரூபாய்த் தாளில் சூடை மீனின் செதிலொன்று ஒட்டியிருந்தது.

மடித்த கோட்டில் கிழிந்து, ஒட்டுநாடாவால் உயிர் பிழைத்திருந்த தாள் அது. அதிலிருந்த கொழும்புத் துறைமுகம் வெறும் கறையாக மங்கிப்போயிருக்க, ஆந்தைக்குக் கண்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

பெறுமதி குறைந்த தாளே அதிகமான கைகள் மாறுகிறது. ஈரத்திலும் வியர்வையிலும் அதுவே முதலில் நைந்துபோகிறது. பத்து ரூபாய்க்கு இதற்கொரு வழி பிறந்தது: 2009 ஆம் ஆண்டு பொறித்த பதினொரு பக்க நாணயக் குற்றி வந்தது, 2011 இல் வெளியான புதிய தொடரில் பத்து ரூபாய்த் தாளே இருக்கவில்லை.

குற்றி அடிக்கச் செலவு கூடினாலும், பல ஆண்டுகள் தாங்குவதால் அச்செலவு ஈடாகிவிடுகிறது.

ஆனால் குற்றி புழங்க வேண்டுமே! இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் தனித்தனியே 2013 ஆம் ஆண்டு பொறித்த பத்து ரூபாய்க் குற்றிகள் வந்தபோது, மட்டக்களப்புக் குற்றியை நம்மவர் பலர் செலவழிக்க மனமின்றி உண்டியலில் போட்டுவைத்தோம். (கடைக்காரர் இன்றும் சில்லறைக்குப் பதில் டொபியை நீட்டுவதற்கு நாமும் ஒரு காரணம்.)

இருபது ரூபாய்க்கு நினைவுக் குற்றிகள் வந்திருக்கின்றன. அன்றாடப் புழக்கத்துக்கும் அதையே தரலாம் என்பது என் எண்ணம். இடுப்புப் பையில் நாள் முழுதும் காசு சுமக்கும் அந்த அக்காவுக்குப் பாரமில்லாத அளவிலும், ஈரக் கையால் தடவினாலே பத்திலிருந்து வேறுபடும் வடிவிலும் அது இருக்க வேண்டும்.