ஃபிளாஷில் இருக்கும் பழைய டிவைஸ் ட்ரீ

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் வேலை பார்க்கிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடங்களில் பிஹெச், நீரோட்டம் அளக்கும் பெட்டிகளுக்குள் எங்கள் ஏஆர்எம் போர்டு இருக்கும். கெர்னலை இங்கிருந்தே நெட்வொர்க் வழியாக மாற்றிவிடுவோம். போர்டில் என்ன ஹார்டுவேர் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயை மட்டும் தொடமாட்டோம். அது கெர்னலை ஏற்றும் பூட்லோடரோடு சேர்ந்து ஃபிளாஷில் இருக்கிறது. எழுதும் நேரத்தில் கரண்ட் போய்விட்டால் போர்டு எழாது. ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ ஆள் கிளம்ப வேண்டியதுதான்.

போன வாரம் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு பேட்ச், அதாவது கோட் மாற்றம், கொண்டுவந்தான். ட்ரீயிலிருந்து சென்சார் ட்ரைவர் படிக்கும் ஒரு பிராப்பர்ட்டிக்கு நல்ல பெயராக வைத்திருந்தான். பழைய பெயரை அடியோடு எடுத்துவிட்டான்.

"டிடிஎஸ்லயும் மாத்திட்டேங்க்கா. ரெண்டும் ஒரே கமிட்லதானே போவுது?"

டிடிஎஸ் என்பது ட்ரீயின் சோர்ஸ் ஃபைல். சோர்ஸில் ஒன்றாகப் போகிறது. போர்டில் போவதில்லை. அங்கே புதுக் கெர்னல் எழுந்ததும் அதன் கையில் கிடைப்பது என்றோ எழுதிய பழைய ட்ரீதான்.

2011-ல் ஏஆர்எம் பக்கம் ஹார்டுவேர் விவரங்கள் போர்டுக்கு ஒரு சி ஃபைலாகக் கெர்னலுக்குள் குவிந்துகிடந்ததைப் பார்த்து, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸ் கோபப்பட்ட பிறகுதான் அந்த விவரங்கள் வேகமாக டிவைஸ் ட்ரீக்கு நகர்ந்தன. ஹார்டுவேர் விவரம் கெர்னலை விட்டு வெளியே போன அன்றே அது ஒரு ஒப்பந்தமாகிவிட்டது. கெர்னல் ஆவணமும் இதையே சொல்கிறது: பைண்டிங்கில் (ட்ரீயில் எந்தப் பெயருக்கு என்ன பொருள் என்ற விதியில்) புதிதாகச் சேர்க்கலாம், இருக்கும் பிராப்பர்ட்டியின் பொருளை மாற்றக்கூடாது, புதிய பிராப்பர்ட்டி இல்லாவிட்டால் ட்ரைவர் பழையபடியே நடக்க வேண்டும்.

காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு இன்னமும் 'வடஆற்காடு மாவட்டம்' என்று எழுதிய கல்யாணப் பத்திரிகை வருகிறது. 1989-ல் அந்த மாவட்டம் பிரிந்தது, 2019-ல் வேலூரும் மூன்றானது. தெருவும் 632007-ம் சரியாக இருப்பதால் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். ட்ரைவரும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஜிபிஐஓ பட்டன் ட்ரைவரைத் திறந்து பாருங்கள்: பட்டன் தூங்கும் சிஸ்டத்தை எழுப்பலாம் என்று சொல்லும் பிராப்பர்ட்டிக்கு இன்றைய பெயர் 'வேக்கப்-சோர்ஸ்'; அது இல்லையென்றால் பழைய 'ஜிபிஐஓ-கீ,வேக்கப்' இருக்கிறதா என்று கேட்கும். ஃபிளாஷ் பார்ட்டிஷன்களை 'பார்ட்டிஷன்ஸ்' என்ற நோடுக்குள் எழுதுவதுதான் இப்போதைய முறை. நேரடியாக எழுதிய பழைய ட்ரீயையும் கெர்னல் படித்துக்கொள்கிறது. இந்தச் சில வரிகளை நான் சுமையாக நினைப்பதே இல்லை.

பெயர் மாறுவது சுலபமான கேஸ். பெயர் அப்படியே இருந்து நடத்தை மாறுவதுதான் கஷ்டம். பிராசஸரையும் ஈதர்நெட் கம்பியைக் கையாளும் ஃபை சிப்பையும் இணைக்கும் ஆர்ஜிஎம்ஐஐ-யில் ஜிகாபிட் வேகத்துக்கு க்ளாக் 125 மெகாஹெர்ட்ஸ். இரண்டு விளிம்பிலும் டேட்டா வருவதால் ஒவ்வொரு பிட்டுக்கும் 4 நானோசெகண்ட்தான் கிடைக்கும். பிட்டின் நடுவில் படிப்பதற்காக க்ளாக்கை ஏறக்குறைய 2 நானோசெகண்ட் தள்ளிவைக்க வேண்டும். அந்தத் தாமதத்தை ஃபை சிப் தர வேண்டுமென்றால் 'ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி', தர வேண்டாமென்றால் வெறும் 'ஆர்ஜிஎம்ஐஐ'. பைன்64 பிளஸ் மாதிரி பல ஆல்வின்னர் போர்டுகளின் டிடிஎஸ்ஸில் வெறும் 'ஆர்ஜிஎம்ஐஐ' என்றே எழுதியிருந்தது. ஆனால் தாமதம் ரியல்டெக் ஃபை சிப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. ட்ரீயில் எழுதியிருந்ததை ட்ரைவர் சரியாகக் கையாளாததால் எல்லாம் ஓடியது. 2020-ல் ட்ரைவரைத் திருத்தியதும் அது ட்ரீயில் எழுதியிருந்ததை அப்படியே நம்பித் தாமதத்தை அணைத்தது. அந்த போர்டுகளில் ஈதர்நெட் போயிற்று. பிறகு ஒவ்வொரு டிடிஎஸ்ஸையும் திருத்தினார்கள்.

ஆவணப்படி ட்ரைவர் செய்தது சரி. ஆனாலும் ட்ரீயை மாற்ற முடியாத இடத்தில் போர்டை வைத்திருந்தவருக்கு அந்தச் சரியால் என்ன பயன்? அதனால்தான் முதல் தடவை எழுதும்போதே, ட்ரைவருக்கு இன்று எது வசதி என்று பார்க்காமல், போர்டில் உண்மையில் என்ன கம்பி எங்கே போகிறது என்பதை எழுதச் சொல்லி எல்லோரிடமும் சண்டை போடுகிறேன்.

தம்பியின் பெயர் நல்ல பெயர், அதை வைத்துக்கொண்டோம். ட்ரைவர் முதலில் அதைத் தேடும், இல்லையென்றால் பழையதைப் படிக்கும். பைண்டிங் யாமல் ஃபைலில் பழைய பெயருக்கு 'டெப்ரிகேட்டட்' (இனிப் புதிதாகப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறித்தாயிற்று. நாங்கள் முதலில் தயாரித்த தொகுதியிலிருந்து ஒரு போர்டை அன்று ஏற்றிய ஃபிளாஷோடு மேசையில் வைத்திருக்கிறோம். புதுக் கெர்னல் அதில் எழுந்து பிஹெச் ரீடிங் வந்த பிறகுதான் மெர்ஜ் செய்தேன்.