போகிறவனிடம் சொன்னது

சிறையில் போதைப் பழக்கம் உள்ளவனிடம் மாதக்கணக்கில் "ஒரு மாத்திரைகூட வேண்டாம்" என்று சொல்லிவந்த ஆற்றுப்படுத்துநரே, விடுதலையாகிப் போகும் நேரத்தில் "பழைய அளவைப் போட்டுக்கொள்ளாதே" என்று சொன்னால், கேட்பவன் எதை எடுத்துக்கொண்டு போவான்? இரண்டு பக்கமும் நானே நின்று வாதாடிச் சலித்துவிட்டேன்.

அவன் விசாரணைக் கைதி, வழிப்பறி வழக்கு. வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகியவன். முழங்கை மடிப்பில் நரம்பு தடித்துக் கறுத்திருந்தது. உள்ளே வந்த புதிதில் இருந்த வாந்தியும் உடல்வலியும் அடங்கியபின், குழு அமர்வுகளில் ஒழுங்காக உட்கார்ந்தான். தண்டனைக் கைதியின் விடுதலை நாள் தெரியும் என்பதால் அதற்கேற்ப ஆயத்தப்படுத்தலாம். விசாரணைக் கைதிக்கோ ஜாமீன் உத்தரவு என்று வந்துசேரும் என்று யாருக்கும் தெரியாது. வந்துவிட்டால், மாலையில் கைதிகளை அறைக்குள் பூட்டும் லாக்கப் நேரத்துக்கு முன் ஆளை அனுப்பிவிடுவார்கள். துணிமூட்டையோடு அவன் கையெழுத்துக்குக் காத்துநின்ற சில நிமிடங்கள்தான் எனக்குக் கிடைத்தன.

உடம்பு பழைய தாங்கும் சக்தியை இழந்துவிட்டது, மறுபடி அந்தப் பக்கம் போகாதே, ஒருவேளை போனாலும் பழைய அளவு வேண்டாம், தனியாக இருக்கும்போதும் குடியோடும் தூக்க மாத்திரையோடும் வேண்டவே வேண்டாம், கூட இருப்பவன் மயங்கினால் போலீசுக்குப் பயந்து ஓடாமல் 108ஐக் கூப்பிடு என்றேன்.

"அப்ப கொஞ்சமா போட்டா ஒண்ணும் ஆகாதுங்களா சார்?"

"ஆகாதுன்னு நான் சொல்லலை தம்பி. பழைய அளவு ஆளைக் கொன்னுடும்னு சொல்றேன்."

தலையாட்டினான். என் பதிலுக்கா, தன் கேள்விக்கா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற காவலர், "என்ன சார், போற பையனுக்கு அளவு சொல்லி அனுப்புறீங்க?" என்று சிரித்தார். அவர் சிரித்ததோடு விட்டுவிட்டார்; மறுநாள் மேலதிகாரி ஒருவர் சிரிக்காமல் கேட்டார்: "அவன் திருந்துவான்னு உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, வெளியே வந்த முதல் 2 வாரங்களில் அவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 12.7 மடங்கு என்று கண்டது. அந்த இறப்புகளுக்கு முதன்மைக் காரணம் போதைப்பொருள் மிகை அளவு. அந்த ஊர்க் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம், ஆனால் அளவு மீறினால் மூச்சை அடக்கும் இந்த வகை மருந்து எந்த ஊரிலும் அதைத்தான் செய்யும். இதை அறிந்துகொண்டு வாயை மூடியிருப்பது எந்த வகை ஆற்றுப்படுத்தல்?

இவ்வளவு உறுதியாகப் பேசிவிட்டு வீடு திரும்பும் வழியில், என் பேச்சில் அதிகாரிக்குக் கேட்ட நம்பிக்கையின்மை பையனுக்கும் கேட்டிருக்குமோ என்று தோன்றியது. சிறைக்குள் எங்கள் வாயிலிருந்து வருவதெல்லாம் உத்தரவாகவோ அனுமதியாகவோதான் காதில் விழுகிறது. நாங்கள் வெறும் தகவல் சொல்வதாக நினைத்துக்கொள்வது எங்கள் வசதிக்காக இருக்கலாம். குணமானபின்பும் சறுக்கல் வரும், வந்தால் மீண்டும் சிகிச்சைக்கு வரவேண்டும் என்று பாடம் படித்துத்தான் இந்த வேலைக்கு வருகிறோம். அதையே வாசலில் வைத்துச் சொன்னால் நம்பிக்கையின்மை ஆகிவிடுகிறது.

அவனைப் பற்றி அதன்பின் ஒரு தகவலும் இல்லை. மறுபடி கைதாகி வரவில்லை என்பதை வைத்து நல்லவிதமாகவும் நினைக்கலாம், மற்றவிதமாகவும் நினைக்கலாம்.

கடைசி நிமிடத்தில் சொல்வதால்தான் குழப்பம் என்று, பிறகு இதைக் குழு அமர்வின் தொடக்கத்திலேயே சேர்த்துப் பார்த்தேன். கஞ்சா மட்டுமே பழகிய இளைஞன் ஒருவன், "எந்த மாத்திரை சார் அது?" என்று ஆர்வமாகக் கேட்டான். அத்தோடு குழுவில் சொல்வதை நிறுத்தி, ஊசி பழக்கம் உள்ளவர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசுகிறேன். அழைப்பதற்குள் சிலருக்கு ஜாமீன் வந்துவிடுகிறது.