வீராணம் ஏரிக்கரையில் ஒரு ரேஞ்ச் டெஸ்ட்

சிதம்பரத்திலிருந்து விடியற்காலையில் பைக்கில் கிளம்பினோம். தம்பி ஓட்ட, என் மடியில் ஐந்து அங்குல ப்ரொப்பெல்லர் வைத்த ட்ரோன். ரிமோட்டின் சிக்னல் அதை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. காட்டுமன்னார்கோவில் வழியாக லால்பேட்டை வந்ததும் வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்க்கத் தோன்றவில்லை, ஏரிதான் கண்ணை இழுத்தது. சோழர் காலத்து ஏரி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக நீர் வருகிறது, இங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. எனக்கு வேண்டியிருந்தது அதன் நீண்ட கரை. வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு எதுவும் மறைக்காத இடம் எங்கே கிடைக்கும்?

கையில் இருந்தது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் மாட்யூல், அதாவது ரிமோட்டிலிருந்து ட்ரோனுக்குக் கட்டளையை ரேடியோ அலையில் அனுப்பும் கருவி. அது அலை அனுப்பும் திறனை 100 மில்லிவாட்டில் நிறுத்தியிருந்தேன். அத்தனை தூரத்தில் ட்ரோனைக் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் பறக்கவிடவில்லை. ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரி மாட்டி, தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். ட்ரோனில் சிக்னலை வாங்கும் ரிசீவரின் விளக்கு நிலையாக எரிந்தால் இணைப்பு இருக்கிறது, மினுங்கினால் போச்சு.

ஒரு கிலோமீட்டர் தாண்டிய கொஞ்ச நேரத்தில் ரிமோட் "டெலிமெட்ரி லாஸ்ட்" என்றது, ட்ரோனிலிருந்து திரும்பி வரும் தகவல் நின்றுவிட்டது என்று அர்த்தம். உடனே போன். "அண்ணா, லைட்டு மினுங்குது."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாட்யூல் பெட்டியில் போட்டிருந்த தூரம் இதைப்போல் பல மடங்கு. திரும்பி வரச் சொல்லிப் பார்த்தேன். ரிசீவர் ஆன்டெனா கார்பன் ஃபைபர் சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. கார்பன் மின்சாரம் கடத்தும், சிக்னலை மறைத்துவிடும். அதை நிமிர்த்திச் சட்டத்துக்கு வெளியே செங்குத்தாகக் கட்டினேன். என் பக்கமும் ஒரு தப்பு இருந்தது: ரிமோட் ஆன்டெனாவின் நுனியைத் தம்பி போன திசைக்கே நீட்டியிருந்தேன். நுனியின் வழியே அலை மிகக் குறைவாகத்தான் வெளியேறும். பக்கவாட்டு தெரியும்படி பிடித்தேன். இரண்டாவது முறை அதே இடத்தில் விளக்கு அசையவில்லை.

இன்னும் தள்ளிப் போனபோது, கரையோரக் கருவேல மரங்கள் நடுவில் வந்த இடத்தில் மறுபடி தடுமாறியது. ஈர இலைகள் இந்த அலையை உறிஞ்சிவிடும். திறனைக் கூட்டலாமா என்று கை போனது. கூட்டவில்லை. திறந்தவெளியிலேயே தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு திறன் வேண்டும். அதற்குப் பதில் பக்கத்திலிருந்த மதகின் மேல் ஏறி, ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கினேன். இணைப்பின் தரத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும் எல்.கியூ. சட்டென்று நூற்றை நெருங்கியது!

இதில்தான் விஷயமே இருக்கிறது. அலை ஒரு நூல் மாதிரி போவதில்லை, நடுவில் உப்பியபடி போகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவழியில் அந்த உப்பல் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 8 மீட்டர். ஒன்றரை மீட்டர் உயரத்தில் நின்றால் அதன் கீழ்ப்பாதி தரையிலும் நீரிலும் மோதுகிறது. தரையோரமாக இருக்கும்போது ஒரு முனையின் உயரத்தை இரட்டிப்பாக்கினால், திறனை நான்கு மடங்காக்கிய பலன் வந்துவிடும். மதகுப் படிக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லையே.

அப்புறம் பாக்கெட் வேகத்தை, அதாவது ரிமோட் நொடிக்கு எத்தனை முறை கட்டளை அனுப்புகிறது என்பதை, 250-லிருந்து 50-க்குக் குறைத்தும் ஒரு சுற்று போனோம். ரிசீவர் இன்னும் மெலிந்த சிக்னலையும் பிடித்தது. ஆனால் அந்த வேகத்தில் ரிமோட் குச்சியை அசைத்தால் ட்ரோன் மந்தமாகத்தான் சொன்னபடி அசையும், நான் பறக்கும் விதத்துக்கு ஒத்துவராது. 250-லேயே விட்டுவிட்டேன்.

நான் எப்போதும் முந்நூறு மீட்டருக்குள்தான் பறப்பவன். பிறகு எதற்கு இரண்டு கிலோமீட்டர் என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். ஒரு மரத்துக்குப் பின்னால் ட்ரோன் மறைந்தாலும் கைவிட்டுப் போகாமலிருக்க அந்த மிச்சம் வேண்டும் ஐயா, இல்லாவிட்டால் யார் தலையிலாவது விழும் என்றேன். "அப்ப சரி" என்று ஆடுகளை ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார்.

வெயில் ஏறியதும் லால்பேட்டையில் டீ குடித்தோம். அடுத்த முறை ரிமோட்டை உயர்த்திப் பிடிக்க ஒரு மூங்கில் கழியும் எடுத்து வர வேண்டும் என்று தம்பியே சொன்னான்.