துவாலில் வீடு நடத்துவது: வெயிலை விடப் புழுக்கத்தைக் கவனியுங்கள்

பாலைவனத்தில் வேலை என்றதும் உதடு வெடிக்கும் வறட்சியை நினைத்துத்தான் எல்லோரும் பெட்டி கட்டுகிறார்கள். சவூதி அரேபியாவின் தலைநகர் ரியாத்துக்கு அது சரி. துவாலுக்குச் சரியில்லை. கௌஸ்ட் என்று எல்லோரும் சொல்லும் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஜித்தாவுக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், செங்கடலை ஒட்டிய துவாலில் இருக்கிறது. 2009 செப்டம்பரில் திறந்தார்கள். வளாகத்துக்குக் கிழக்கே மணல், மேற்கே கடல். மழை ஆண்டுக்குச் சில நாள்தான், ஆனால் காற்றில் தண்ணீர் வற்றுவதே இல்லை. சென்னையின் மே மாதப் புழுக்கம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: அதே புழுக்கம், இன்னும் சூடாக, ஜூன் தொடங்கி அக்டோபர் வரை.

புதிதாக வரும் குடும்பங்கள் கெடுத்துக்கொள்ளும் பொருள்களில் பாதிக்கு மேல் இந்த ஈரத்தால் கெடுபவைதான். அதனால் முதலில் ஏ.சி.

வெளியே 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். ஆகஸ்டில் இது சாதாரணம். அந்தக் காற்று 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அங்கே நீர் படியும். ஏ.சி.யை 19-இல் வைத்தால் ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்க்கும். கதவிடுக்கு வழியே உள்ளே வரும் காற்று நிலைச்சட்டத்திலும், குளிர்காற்று வரும் ஜாலியின் ஓரத்திலும், அலமாரிக்குப் பின்னால் சுவரிலும் நீராகப் படியும். இரண்டே வாரத்தில் அந்த இடங்கள் கறுக்கும். பூசணம் வந்த பிறகு பிளீச் போட்டுத் துடைப்பதை விட, 24 அல்லது 25-இல் நிறுத்திவைப்பது மேல். கடையில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிப் படுக்கையறை அலமாரிக்குள் வையுங்கள். 45-க்கும் 55-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. 60-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தோல் செருப்பும் பட்டுப் புடவையும் போயிற்று என்று அர்த்தம்.

தெர்மோஸ்டாட்டில் ஃபேனுக்கென்று தனிப் பொத்தான் இருக்கும். அதை எப்போதும் ஓடும்படி வைக்காதீர்கள், 'ஆட்டோ'வில் விடுங்கள். குளிரூட்டும் சுருளில் படிந்த நீர் சொட்டிக் குழாய் வழியே வெளியேற நேரம் வேண்டும். குளிரூட்டல் நின்ற பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால், அந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் படுக்கை விரிப்பு பிசுபிசுக்கும். 'ஏ.சி. வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பல இந்தப் பொத்தானைத் திருப்பினாலே தீர்ந்துவிடும்.

ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள். புழுதிக்காற்று அடித்தால் மறுநாளே கழுவுங்கள். சுருளிலிருந்து நீர் வெளியேறும் குழாயில் பாசி அடைத்துக்கொள்வதும் இங்கே வழக்கம். கூரையில் பழுப்பு வட்டம் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். கைக்கு எட்டும் இடத்தில் வாய் இருந்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றி அரைமணி கழித்துத் தண்ணீர் விடுங்கள். எட்டவில்லையென்றால் பராமரிப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். அதையும் காலைக்கே கேளுங்கள். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை திறந்தவெளி வெயிலில் ஆட்களை வேலை வாங்குவது சவூதியில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நல்ல சட்டம். வெளியில் செய்ய வேண்டிய எந்த வேலையையும் அந்த நேரத்துக்குக் கேட்காதீர்கள்.

ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேராகக் கடற்கரைக்கு எடுத்துப் போனால் லென்சுக்குள் பனி படியும். உள்ளேயே ஜிப் பையில் போட்டு மூடி, வெளியே கொண்டுபோய், அரைமணி கழித்துத் திறக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கு இந்த வசதி இல்லை, வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் படியிறங்குங்கள்.

அடுத்தது தண்ணீர். குடிக்கவும் குளிக்கவும் வருவது கடல்நீரைச் சுத்திகரித்தது. உலகக் கடல்களின் சராசரி லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், செங்கடலில் ஏறக்குறைய 40. அத்தனையும் நீங்கி வரும் நீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. துவரம்பருப்பு ஊரில் போர்வெல் தண்ணீரில் வேகும் நேரத்தை விடச் சீக்கிரம் வெந்துவிடும். அதே விசில் கணக்கை வைத்தால் குழைந்துபோகும், ஒரு விசில் குறையுங்கள். சோப்பும் கொஞ்சம் போதும், அலசத்தான் நேரம் பிடிக்கும்.

கோடையில் இரண்டு குழாயிலும் வெந்நீர்தான் வரும். இதற்குச் சவூதியில் பழைய தந்திரம் ஒன்று உண்டு. கீசர் வீட்டுக்குள், ஏ.சி. படும் இடத்தில் இருந்தால் ஜூனில் அதை அணைத்துவிடுங்கள். தொட்டியில் தங்கும் நீர் அறை வெப்பத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் சிவப்புக் குறியிட்ட குழாயில் குளிர்ந்த நீரும், நீலத்தில் வெந்நீரும் வரும். குழந்தைகளுக்குச் சொல்லிவையுங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் கிருமி வளரும் என்பதால், இந்த நீரைக் குடிக்கவோ வாய் கொப்பளிக்கவோ எடுக்காதீர்கள். வாரம் ஒருநாள் கீசரைப் போட்டு 60 டிகிரி வரை சூடேற்றி அணைப்பது நல்லது.

சமையலறைக்கு வருவோம். ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவருபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சவூதியில் 60. மிக்ஸியின் கார்பன் பிரஷ் மோட்டாருக்கு இதில் வேறுபாடு இல்லை. கிரைண்டரில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார், அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. அதனால் கல் சுமார் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், ஆனால் புறப்படும்போது இழுவிசை குறையும். ஊரில் போடும் அளவுக்கு உளுந்தைப் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், அப்படியே விட்டால் புகையும். முதலில் அரை டம்ளர் தண்ணீரோடு கல்லைச் சுற்ற விட்டு, பிறகு உளுந்தைக் கை கையாகப் போடுங்கள். வழக்கமான அளவில் முக்கால் பங்கு போதும். வேகம் கூடுவதால் மாவும் சீக்கிரம் சூடாகும், ஐஸ் தண்ணீர் தெளித்து அரையுங்கள். பிளக் பாயிண்டில் 127 வோல்ட் என்று எழுதியிருந்தால் நம் சாதனம் எதையும் அதில் செருகாதீர்கள். பழைய கட்டடங்களில் அப்படிப்பட்ட இணைப்பும் உண்டு.

மாவு பொங்குவது தனிக் கதை. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற அதே கணக்கில், 23 டிகிரி ஏ.சி. சமையலறையில் வைத்தால் பதினாறு மணி நேரமானாலும் மாவு பொங்காமல் கிடக்கும். பொறுமையில்லாமல் ஆகஸ்டில் பால்கனியில் வைத்தால் ஐந்து மணி நேரத்தில் வழிந்து, அன்று மாலையே புளித்த வாடை வரும். நடுவழி, அடுப்போடு உள்ள ஓவனின் விளக்கு. ஓவனைச் சூடாக்காமல் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தின் கீழே ஒரு தட்டு வைத்து, எட்டிலிருந்து பத்து மணி நேரம் விடுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளிலும் இதுவே கைகொடுக்கும்.

ஊரிலிருந்து கொண்டுவரக் கூடாதவை பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கசகசா சவூதியில் போதைப்பொருள் வகையில் சேரும். ஒரு தேக்கரண்டி கூட வேண்டாம். அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியிலும் கடைப் பாக்கெட் மசாலாவிலும் அது இருக்கலாம், என்னென்ன சேர்த்தார்கள் என்று கேட்ட பிறகே பெட்டியில் வையுங்கள். குருமாவுக்கு முந்திரியும் பொட்டுக்கடலையும் தேங்காயோடு அரைத்தால் அதே கெட்டி கிடைக்கும். ஜாதிக்காயும் வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் கட்டுப்பாட்டில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இருந்தாலே போதும் என்று நினைக்காமல், புறப்படும் முன்பே அனுமதி வாங்குங்கள்.

கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயத்துக்கு ஜித்தாவின் ஷரஃபியா பக்கம் போக வேண்டும், மலையாளிக் கடைகள் அங்கேதான் அதிகம். வார விடுமுறை வெள்ளி, சனி. ஆனால் வெள்ளி காலையில் கிளம்பினால் ஜும்மா தொழுகை நேரத்தில் போய் நிற்பீர்கள், பல கடைகள் மாலையில்தான் மறுபடி திறக்கும். சனிக்கிழமை காலைதான் வசதி. வாங்கிய கறிவேப்பிலையைக் கழுவாமல், காம்பிலிருந்து உருவி, துணியில் ஒற்றி, காகிதம் விரித்த டப்பாவில் வைத்தால் மூன்று வாரம் வரும். கழுவி வைத்தால் நாலே நாளில் கறுத்துவிடும்.

மீனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். துவால் பழைய மீனவ ஊர். ஜித்தா வட்டாரத்தில் வஞ்சிரத்தை 'திராக்' என்பார்கள். 'ஷஊர்' நம் விளைமீன் இனம். உடம்பெங்கும் புள்ளியோடு சிவந்திருக்கும் 'நாஜில்' களவா வகை, விலை கூடியது. பொரிக்கத்தான் அது லாயக்கு, குழம்பில் போட்டு வீணாக்க வேண்டாம். குழம்புக்கு ஷஊரே போதும்.

வளாகத்துக்குள் போய்வர சைக்கிள் போதும், ஆனால் உப்புக்காற்று அதை அரித்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, உடனே துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். எண்ணெய் அதிகமானால் மணல் ஒட்டி அரைக்கும். சொட்டுச் சொட்டாக விட்டு, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். காருக்கு பேட்டரிதான் முதல் செலவு. குளிரில் பேட்டரி சாகும் என்பார்கள், உண்மையில் அதைத் தின்பது வெப்பம். இங்கே இரண்டு கோடை தாண்டினால் சோதித்துவிடுங்கள். டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கடையிலேயே இரண்டு வருடம் கிடந்த டயர் வேண்டாம். கண்ணாடியில் படிந்த புழுதியைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும்.

மழை வந்தால் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள். 2009 நவம்பர் 25 அன்று ஜித்தாவில் பெய்த மழையில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சில மணி நேர மழையே அதைச் செய்தது. வானிலை எச்சரிக்கை வந்த நாளில் ஜித்தா பயணத்தைத் தள்ளிவையுங்கள், சுரங்கப்பாதைச் சாலைகளில் இறங்கவே வேண்டாம். அக்டோபர் முடிவதற்குள் பால்கனி வடிகாலில் அடைத்திருக்கும் மணலை வாரிவிடுங்கள்.

இனி கோடை விடுமுறை. ஆறு வாரம் ஊருக்குப் போய் வருபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள், காரணம் சிக்கனம். வீட்டில் ஆளில்லையே என்று ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் சோபாவில் பச்சை, புத்தக அட்டையில் வெள்ளை, கோட்டில் சாம்பல் நிறத்தில் பூசணம். அணைக்காதீர்கள், 26-இல் விட்டுப் போங்கள். அலமாரிக் கதவுகளையெல்லாம் திறந்து வையுங்கள், சாமான்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளுங்கள். அரிசி, பருப்பு, ரவை எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும், வெளியே வைத்தால் வண்டு விழும். தண்ணீர் மெயின் வால்வை மூடுங்கள்.

பலர் விட்டுவிடும் ஒன்று, தரை வடிகால். அதன் வளைவில் நிற்கும் நீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. ஏ.சி. ஓடும் காய்ந்த வீட்டில் சில வாரத்தில் அந்த நீர் ஆவியாகிவிடும். புறப்படும் நாளில் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு மேசைக்கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் மேலே படலமாக நின்று நீரை வற்றவிடாது.

ஊருக்குப் போய்த் திரும்ப வாங்கும் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசாவின் கடைசித் தேதியையும், குடியிருப்பு அட்டையான இகாமாவின் கடைசித் தேதியையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய நாட்காட்டித் தேதி அச்சிட்ட ஆவணம் என்றால் ஆங்கிலத் தேதிக்கு மாற்றிப் பார்ப்பது அவசியம். ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவு, போன வருடத்துக் கணக்கை வைத்து டிக்கெட் போட்டால் இடிக்கும்.

திரும்பி வந்ததும் களைப்பில் ஏ.சி.யை ஒரேயடியாக 18-க்கு இறக்காதீர்கள். வெளிக்கதவு திறந்து மூடியதில் ஈரக்காற்று உள்ளே வந்திருக்கும், சுவர் வியர்க்கும். மணிக்கு ஒரு டிகிரியாக 24-க்கு வாருங்கள். எல்லாக் குழாயையும் ஐந்து நிமிடம் திறந்துவிட்டு, கீசரை ஒருமுறை 60 டிகிரிக்குச் சூடேற்றி அந்த நீரை வடித்த பிறகு குளிக்கப் போகலாம்.