காய்ன்ஸ் ஆவணங்களைக் கேட்டு வாங்கிய அனுபவம்

கடைசித் தொகுப்பு போன வாரம் வந்து சேர்ந்தது. பாதிப் பக்கங்கள் கறுப்படித்து வந்திருக்கின்றன. ஆனாலும் நான் தேடிய பயன்பாட்டு அட்டவணை அதில் இருக்கிறது. அமெரிக்க உளவு அமைப்புகளின் பழைய ஆவணங்களைக் கேட்டு வாங்க நினைக்கும் ஆய்வு மாணவர்களுக்காக, அதிலும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே படிப்பவர்களுக்காக, நடந்ததை எழுதி வைக்கிறேன். தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அனுப்பிய பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

என் ஆய்வு காய்ன்ஸ் பற்றியது. முழுப் பெயர் ‘கம்யூனிட்டி ஆன்-லைன் இன்டெலிஜென்ஸ் சிஸ்டம்’. 1960களின் நடுவில் திட்டமிட்ட வலையமைப்பு அது. சிஐஏ, தகவல்தொடர்புகளை ஒட்டுக்கேட்கும் என்எஸ்ஏ, ராணுவ உளவு அமைப்பான டிஐஏ, வான்வழிப் படங்களை ஆராய்ந்த என்பிஐசி ஆகியவை தங்கள் கணினிகளை இணைத்து, ஓர் அமைப்பின் பகுப்பாய்வாளர் இன்னொரு அமைப்பின் கோப்பிலேயே நேராகத் தேடலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் முதல் செய்தி போனது 1969 அக்டோபரில். காய்ன்ஸ் வேலை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. பின்னால் 1970களில் அர்பாநெட் தொழில்நுட்பத்தையே காய்ன்ஸும் எடுத்துக்கொண்டது. இயந்திரங்கள் பற்றிய தகவல் ஓரளவு கிடைக்கிறது. எனக்கு வேண்டியது வேறு: பகுப்பாய்வாளர்கள் இதை உண்மையில் பயன்படுத்தினார்களா? எதற்காக? எங்கே சலித்து விட்டுவிட்டார்கள்? அதை அந்தக் காலத்திலேயே மதிப்பிட்டு எழுதிய குறிப்புகள்தான் என் ஆய்வேட்டின் முதுகெலும்பு.

முதல் கட்டம் சுலபம். சிஐஏ ரகசியம் நீக்கிய பழைய ஆவணங்களின் கிரெஸ்ட் தொகுப்பு 2017 ஜனவரியில் இணையத்துக்கு வந்துவிட்டது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள். அதற்கு முன் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்த நான்கு கணினிகளில் மட்டுமே அதைத் தேட முடியும். எனக்கு முன்னால் இதே துறையில் ஆய்வு செய்தவர்கள் பட்ட சிரமத்தை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆனால் தேடல் பெட்டியை நம்பிவிடாதீர்கள். காய்ன்ஸ் என்று போட்டால் தங்க நாணயம், வெள்ளி நாணயம் பற்றிய குறிப்புகளெல்லாம் வந்து குவியும். முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அதையும் இணைப்புக் கோட்டோடு ஒரு முறை, கோடு இல்லாமல் ஒரு முறை. தட்டச்சுப் பிரதிகளை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றியதில் ‘ஓ’ பல இடங்களில் பூஜ்யமாகிவிட்டது. அதையும் போட்டுப் பாருங்கள். எனக்கு மிக முக்கியமான ஒரு குறிப்பு அப்படித்தான் மாட்டியது.

இன்னொன்று. கிடைத்த ஆவணத்தின் உள்ளடக்கத்தைவிட அதன் தலைப்புப் பகுதியைக் கவனியுங்கள். “இன்ன தேதியிட்ட இன்ன குறிப்பைப் பார்க்க” என்று ஒரு வரி இருக்கும். அந்த இன்னொரு குறிப்பு கிரெஸ்டில் இருக்காது. அதன் தேதியும் எண்ணும் உங்கள் கையில் வந்துவிட்டன அல்லவா, விண்ணப்பத்தில் கேட்க வேண்டியது அதைத்தான்.

சரி, விண்ணப்பம். காய்ன்ஸ் பயனர் மதிப்பீடு தொடர்பான அறிக்கைகள் வேண்டும் என்று ஓர் அமைப்புக்கு எழுதினேன். ஆண்டு வரம்பும் கொடுத்திருந்தேன். “தேடுவதற்குப் போதுமான விவரம் இல்லை” என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். சட்டப்படி ஒவ்வொரு அமைப்பும் விண்ணப்பதாரருக்கு உதவ ஒரு தொடர்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும். அவரைத் தொலைபேசியில் பிடித்தபோது என்ன விவரம் போதாது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. “நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?” என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும், குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

இது தவறு. இதே பதிலைக் கேட்டு மனம் விட்டுப்போன இரண்டு இந்திய மாணவர்களை எனக்கே தெரியும். குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்புரிமை கேட்பது 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டம். தன்னைப் பற்றிய கோப்பைத் தானே கேட்பதற்கான சட்டம் அது. தகவல் சுதந்திரச் சட்டத்தில் ‘எவரும்’ கேட்கலாம். உளவு அமைப்புகளுக்கு மட்டும் 2002இல் ஒரு விலக்கு சேர்த்தார்கள்: வெளிநாட்டு அரசுக்கோ அதன் பிரதிநிதிக்கோ தரக் கூடாது. அதனால் விண்ணப்பத்திலேயே, “எந்த வெளிநாட்டு அரசின் சார்பிலும் கேட்கவில்லை, முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கேட்கிறேன்” என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் அந்த வரியையும் சட்டப் பிரிவையும் சேர்த்து மறுபடி அனுப்பினேன். குடியுரிமைப் பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. (ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: நம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உளவு அமைப்புகளான ஐபியும் ராவும் பிரிவு 24இன் கீழ் விலக்குப் பெற்றவை. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் தவிர மற்றது கிடைக்காது. இங்கே குறைந்தபட்சம் கதவைத் தட்டலாம்.)

அப்புறம் கட்டணம். என்னை ‘பிற விண்ணப்பதாரர்’ பிரிவில் போட்டு, தேடும் நேரத்துக்குப் பணம் கட்டச் சம்மதம் கேட்டு எழுதினார்கள். மாணவர் உதவித்தொகையில் வாழ்பவருக்கு அந்தத் தொகை சாதாரணமானதில்லை. கல்வி நிறுவனப் பிரிவில் வந்தால் நகலெடுக்கும் செலவு மட்டும்தான், அதிலும் முதல் 100 பக்கம் இலவசம். ஆசிரியருக்குத்தான் அது பொருந்தும், மாணவருக்குப் பொருந்தாது என்றார் அதே அலுவலர். இதற்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. உளவு அமைப்புகளின் பாலிகிராஃப் சோதனைகளை ஆராய்ந்த வர்ஜீனியா பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவி ஒருவர் இதே காரணத்துக்காக வழக்குப் போட்டு, 2016 மே மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார். ஆசிரியரைப் போலவே மாணவரும் கல்வி நிறுவனப் பிரிவில் வருவார் என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, என் நெறியாளரிடம் துறையின் கடிதத் தாளில் ஒரு கடிதம் வாங்கி இணைத்தேன். மறுவாதம் இல்லாமல் பிரிவை மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண்மணி யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் வந்தது. ஆவணம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. கூடவே, அதில் வேறு அமைப்பின் தகவல் இருப்பதால் அவர்களிடம் கலந்தாலோசிக்க அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு பத்தி. இரண்டாவது அமைப்பு புதிய எண் கொடுத்து வரிசையின் கடைசியில் வைத்தது. அவர்கள் பார்த்துவிட்டு மூன்றாவது அமைப்புக்கு அனுப்பினார்கள். எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டினார்கள். 20 வேலை நாளில் பதில் என்று சட்டத்தில் இருப்பதை இவர்கள் யாரிடமும் சொல்லிப் பயனில்லை.

காய்ன்ஸ் ஆவணங்களுக்கு இது நேராமல் இருக்காது. நான்கு அமைப்புகளின் கோப்புகள் ஒரே வலையில் இருந்தன. எந்தக் கோப்பை வலையில் விடுவது என்பதை அதை வைத்திருந்த அமைப்புதான் தீர்மானித்தது. தகவலை உருவாக்கியவர் அனுமதியில்லாமல் அது அடுத்த கைக்குப் போகக் கூடாது என்ற விதி உளவுத் துறையில் இன்றும் உண்டு. ஆர்கான் என்று முத்திரை குத்துவார்கள். பகுப்பாய்வாளர்களுக்கு அன்று எது தடையாக இருந்ததோ, அதுவே அவர்களைப் பற்றிய அறிக்கை என்னிடம் வருவதற்கும் தடையாக நின்றது. இதை நான் ஆய்வேட்டில் ஒரு தனிப் பகுதியாகவே எழுதியிருக்கிறேன்.

இந்த இடத்தில் சிக்கியவர்கள் ஓஜிஸ் என்ற அலுவலகத்துக்கு எழுதுங்கள். விண்ணப்பதாரருக்கும் அமைப்புக்கும் நடுவில் மத்தியஸ்தம் செய்யவே 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அவர்களால் உத்தரவு போட முடியாது. ஆனால் என் ஆவணம் யார் மேஜையில் இருக்கிறது என்று கேட்டுச் சொன்னது அவர்கள்தான். கேட்ட கொஞ்ச நாளிலேயே அது நகரவும் தொடங்கியது.

இதற்கிடையில் காலேஜ் பார்க் போனேன். அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: படம் எடுக்கும் முன், ரகசியம் நீக்கப்பட்ட எண் அச்சிட்ட சிறு துண்டுச் சீட்டை ஊழியரிடம் வாங்கி, ஒவ்வொரு படத்திலும் அது தெரியும்படி வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் சில இடங்களில் ஆவணத்துக்குப் பதில் ஒரு தாள் இருக்கும். ‘எடுக்கப்பட்டது’ என்று பொருள். பார்த்தவுடன் சோர்ந்துவிடாதீர்கள். எடுத்த ஆவணத்தின் தேதி, வகை, பக்க எண்ணிக்கை அந்தத் தாளில் இருக்கும். அது ஒரு பெரிய பரிசு.

ஏனென்றால் அந்த விவரத்தோடு இன்னொரு வழியில் போகலாம்: கட்டாய ரகசியநீக்க மறுபரிசீலனை, சுருக்கமாக எம்டிஆர். குறிப்பிட்ட ஒரே ஆவணத்தை அடையாளம் காட்டத் தெரிந்தால் இதுவே நல்லது. ஒரு வருடத்துக்குள் முடிவு வராவிட்டாலோ, மேல்முறையீட்டிலும் மறுத்துவிட்டாலோ ஐஸ்காப் என்ற பல அமைப்புகளின் கூட்டுக் குழுவிடம் போகலாம். அமைப்புகளின் பல மறுப்புகளை அந்தக் குழு மாற்றியிருக்கிறது. எச்சரிக்கை: ஒரே ஆவணத்தை ஒரே நேரத்தில் இரண்டு வழியிலும் கேட்க முடியாது. கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பரிசீலித்த ஆவணம் என்றால் எம்டிஆரில் எடுக்கமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற பகுப்பாய்வாளர்களைப் பேட்டி எடுக்கவும் முயன்றேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எளிதாகவே கிடைத்தது. பேச ஆள் கிடைப்பதுதான் பாடு. அவர்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தம் ஆயுள் முழுதும் பின்தொடரும். உளவுப் பணி தொடர்பாக எழுதியது எதுவானாலும் வெளியிடும் முன் பழைய அலுவலகத்திடம் காட்ட வேண்டும். மூத்தவர் ஒருவர் மட்டும் பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு பேசினார். ஒவ்வோர் அமைப்பின் கோப்புக்கும் கேள்வி கேட்கும் மொழி வேறாக இருந்தது, அதைக் கற்றுக்கொள்வதைவிட அந்த அமைப்பில் தெரிந்தவருக்குப் பாதுகாப்பான தொலைபேசியில் பேசுவது வேகம் என்றார். அவர் சொன்ன அந்த ஒரு விஷயம் கறுப்படித்த பல பக்கங்களுக்கு எனக்கு அர்த்தம் கொடுத்தது.

இப்போது வந்த அட்டவணைக்கு வருகிறேன். எத்தனை கேள்விகள் அனுப்பினார்கள் என்பது இருக்கிறது. அந்த விடையை வைத்து என்ன எழுதினார்கள் என்பது இல்லை. வலையமைப்பை மதிப்பிட்ட எல்லோரையும் தடுமாற வைத்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கேள்வி குறைவு என்றால் தேவை குறைவா, மொழி கடினமா, கோப்பில் சரக்கு இல்லையா? எண்ணிக்கை பதில் சொல்லாது, பகுப்பாய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். 2003இல் சிஐஏவின் சொந்த ஆய்விதழில் புரூஸ் பெர்கோவிட்ஸ் அப்படித்தான் செய்து எழுதினார். அங்கே ஒரு வருடம் தங்கி, பகுப்பாய்வாளர்களிடம் பேசி, புதிய தகவல் தொழில்நுட்பத்தில் அவர்கள் வெளியே உள்ளவர்களைவிடப் பின்தங்கியிருப்பதாகவும், பாதுகாப்புக் கவலை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்றும் சொன்னார். 1994இல் உளவு அமைப்புகளுக்கான உள் இணையமான இன்டெலிங்க் வந்து ஏறக்குறைய பத்து ஆண்டுக்குப் பிறகும் நிலைமை அது.

கறுப்புப் பட்டைகள் பற்றி ஒரு வார்த்தை. பக்க ஓரத்தில் 25எக்ஸ்1 என்றோ ஸ்டாட் என்றோ இருந்தால் எந்த விலக்கின் கீழ் மறைத்தார்கள் என்று அர்த்தம். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மேல்முறையீட்டில் அதைத்தான் எதிர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒரே குறிப்பின் நகல்கள் பல அமைப்புகளுக்குப் போயிருக்கும். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆள், வேறு வேறு ஆண்டில் பார்த்துக் கறுப்படித்திருப்பார். என் அட்டவணையில் ஒரு வரிசை முழுதும் கறுப்பு. அதே குறிப்பின் இன்னொரு நகல் கிரெஸ்டில் முன்பே இருந்தது, அதில் அந்த வரிசை திறந்தே இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

மீதிப் பக்கங்களுக்கு மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 90 நாள் அவகாசம் உண்டு, கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. ஏற்கெனவே திறந்துவிட்ட நகலையும் இணைத்து, “இது 25 ஆண்டுகளைத் தாண்டிய ஆவணம், இதே வரி இங்கே வெளியாகியிருக்கிறது” என்று பக்க எண்ணோடு காட்டுங்கள். கடித மாதிரி வேண்டுவோர் கேளுங்கள், என்னுடையதைத் தருகிறேன்.